கதவுக்கு வெளியே கேட்ட பாட்டு

ஆறு மணிக்கு விழா என்றால், எங்கள் ஆட்கள் ஏழு மணிக்குத்தான் சேலை கட்டத் தொடங்குவார்கள். டென்மார்க்கின் ஒடென்சே நகரில், பிந்திவரும் அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவர். அதைச் சொல்லியே எல்லோரையும் சிரிக்க வைப்பேன்.

என் மனைவி வசந்திக்குக் குறிப்பிட்ட ஒரு பாட்டுப் படம் என்றால் உயிர். அவளுக்கு நுரையீரல் நோய் முற்றியிருந்த நேரத்தில், அதே கதை மேடை நாடகமாக வந்தது.

"படத்தைப் பத்துத்தரம் பாத்திட்டாய். இதில என்ன புதுசு?" என்றேன்.

"படத்தில மூச்சுச் சத்தம் இல்லாமல் பாட்டைத் துடைச்சு வைச்சிருக்கிறாங்கள். மேடையில பாடுறவள் மூச்சு வாங்கிறதும் கேக்குமாம். முதல் பாட்டை மட்டும் கேட்டாலே எனக்குக் காணும்."

அன்றும் நான் ஒரு தேத்தண்ணி, ஒரு தொலைபேசிக் கதை என்று இழுத்தடித்தேன். ஐந்து நிமிடம் பிந்திப் போனோம். அரங்கின் கதவைப் பூட்டிவிட்டார்கள், இடைவேளைக்குத்தான் விடுவார்களாம். உள்ளே முதல் பாட்டு தொடங்கியிருந்தது. வெளியே சுவரில் இருந்த சின்னத் திரை, சத்தமில்லாமல் மேடையைக் காட்டியது.

"பாத்தியே, கடைசியில இதுவும் படம்தான்," என்று பகிடி விட்டேன்.

"கொஞ்சம் வாயை மூடுங்கோவன்," என்றவள், கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

இடைவேளைக்கு முன்பே அவளுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. வீட்டுக்குத் திரும்பினோம். அடுத்த மாதம் அவள் இல்லை.

இப்போது எங்கேயும் அரைமணி முந்திப் போய் நிற்கிறேன். "அண்ணை, மணிக்கூடு பழுதோ?" என்று கேட்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

சில நாள் அந்தப் படத்தைப் போடுகிறேன். பாட்டில் எங்கும் மூச்சுச் சத்தம் இல்லை. கதவில் காது வைத்தபோது அவளுக்கு அது கேட்டதா? வீடு வரும்வரை பகிடி விட்டுக்கொண்டு வந்த நான், அதை மட்டும் அவளிடம் கேட்கவேயில்லை.