சின்னத்துரையின் பவளம்

கொச்சிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் எஸ்டேட் லாரி, ஒரு வருடம் திரும்பி வரும்போது கடலை ஏற்றிக்கொண்டு வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் கேன்களில் அசல் கடல் தண்ணீர். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கூரை ஒழுகுகிறது, நாலு தகரம் கொண்டுவரக் கூடாதா என்று கேட்டபோதெல்லாம் அந்த லாரியில் இடமில்லை என்றுதான் பதில் வந்திருக்கிறது. கடலுக்கு இடம் இருந்தது. சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது.

கடலை வரவழைத்தவர் சின்னத்துரை. மேனேஜர் பெரிய துரை, அவருக்கு அடுத்தவர் சின்னத்துரை. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் அந்தப் பட்டம் மட்டும் பங்களாவை விட்டுப் போகவில்லை. எங்கள் சின்னத்துரை கொச்சிக்காரர், கல்யாணம் ஆகாதவர். மலையும் மழையும் அட்டைக்கடியும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் நினைப்பு வந்தால் நாங்களெல்லாம் சங்கரன்கோவில் பக்கம் போய்வர லீவு கேட்டுக் கெஞ்சுவோம். அவர் தம் ஊரையே கொஞ்சம் அள்ளிக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பங்களா ஹாலில் இரும்புச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. அவருடைய அக்கா புருஷன் லட்சத்தீவுக்குப் போய்வரும் கப்பலில் வேலை பார்த்தவர். அவர்தான் தொட்டிக்குள் வைக்க ஓர் உயிருள்ள பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சமையற்கட்டு வழியாகக் கூட்டிப்போய் அதைக் காட்டினார். அரைமூடித் தேங்காய் அளவுக்கு ஒரு கல். அதன்மேல் முழுக்கப் பழுப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னப் பூக்கள், ஒவ்வொன்றும் ஒரு காம்பின்மேல் நின்று தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தன. அப்பா விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். பூக்கள் அத்தனையும் கல்லுக்குள் போய்விட்டன. வெறும் கல்தான் மிச்சம். நான் பயந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். செடியா, கல்லா, பிராணியா என்று கேட்டேன். அது அப்பாவுக்கும் தெரியவில்லை. துரைக்குத் தெரியும் என்றார்.

துரைக்கும் அவ்வளவாகத் தெரியாது என்பது பிற்பாடு விளங்கியது. அவருக்கும் இது முதல் தொட்டிதான். ஏதோ ஒரு புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் குளிர்ந்தால் பவளம் தாங்காதாம். தொட்டிக்கு மேலே பகலெல்லாம் பெரிய பல்பு எரிந்தது, பக்கவாட்டில் வெந்நீர்ப் பைகள் சாத்தி வைக்கப்பட்டன. லயத்தில் நாங்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த ஆடி மாதம் அது. தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மழைக்காலத்தில் எங்கள் மலையில் மின்சாரம் வருவதைவிடப் போவதுதான் அதிகம். போனால் சைக்கிள் பம்பை வைத்து யாராவது காற்று அடிக்க வேண்டும். பங்களா சமையல்காரர் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்துவிட்டுத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று படுத்துவிட்டார்.

அப்படித்தான் அப்பாவுக்கு அந்த வேலை வந்தது. அப்பா மருந்தடிப்புக் கூட்டத்தில் பம்பு ஆள். மழை பிடித்துவிட்டால் தேயிலைக் கொழுந்தில் கொப்புளநோய் விழும். அதற்குத் துரிசு கலந்த மருந்து அடிப்பார்கள். மயில்துத்தம் என்பார்களே, அந்த நீலம். தொட்டியில் மருந்தைக் கலக்கி, ஒருவர் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார்கள். காலை முதல் சாயங்காலம் வரை நிற்காமல் கைப்பிடியை ஆட்டக்கூடிய ஆள் எஸ்டேட்டிலேயே அப்பா ஒருவர்தான். மலையில் அவர் பம்பு அடிப்பதைச் சின்னத்துரை பார்த்திருக்கிறார். இந்தக் கை நமக்கு உதவும் என்று தோன்றியிருக்கிறது.

விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை பங்களா. மலையிலிருந்து இறங்கியதும் மறுபடி பங்களா. மின்சாரம் போனால் மலைக்கே ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். காற்று அடிப்பதோடு, இறால் பொடியைக் கரைத்துப் பூக்களின்மேல் விடுவது, பாசியை வழித்தெடுப்பது, கல் சரிந்தால் நிமிர்த்துவது எல்லாம் அப்பாவின் தலையில் வந்து விழுந்தன. இதற்குத் தனிக் கூலி ஏதும் கிடையாது. ஆனால் சின்னத்துரை ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மழை ஓயும்வரை பவளம் உயிரோடு இருந்தால், அப்பாவைப் பங்களா வேலைக்கே நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்.

அந்த வாக்கை அம்மா பிடித்துக்கொண்டாள். பங்களா வேலை என்றால் நனைய வேண்டாம், அட்டை கிடையாது, மருந்துத் தொட்டி கிடையாது. அப்பாவுக்கு அப்போதே மழைக்காலமானால் நெஞ்சில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சிவப்பு மருந்துக்கு அது அடங்காது. அம்மா லயத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், பவளம் பிழைத்தால் மாவிளக்குப் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளைக்காக நேர்ந்தவர்களும் மாட்டுக்காக நேர்ந்தவர்களும் உண்டு. கல்லுக்காக நேர்ந்தவள் எங்கள் அம்மா ஒருத்திதான். அடுத்த வீட்டு அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா அதைச் சட்டை செய்யவில்லை. பங்களாவுக்கு அரைக்கால் சட்டை போட்டுப் போவார்களா, வேட்டி கட்டிப் போவார்களா என்பதே அவளுடைய கவலையாக இருந்தது.

ஆவணி பிறந்த சமயம் பூக்கள் சரியாக மலரவில்லை. பகல் முழுக்கப் பாதி உள்ளேயே கிடந்தன. கல்லின் ஓரத்தில் கோழை மாதிரி ஏதோ வடிந்து, அது வடிந்த இடம் வெள்ளையாகிவிட்டது. சின்னத்துரை புத்தகத்தைப் புரட்டினார். தண்ணீரை மாற்றினார். லாரி மறுபடி கடல் கொண்டுவந்தது. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மலையிலிருந்து இறங்கினதும் வீட்டுக்கு வராமல் நேரே பங்களாவுக்கு ஓடினார். கோழையைத் துணியால் எடுத்தால் பூ கிழிந்துவிடுகிறது என்று விரலாலேயே மெல்ல வழித்து எடுத்தார். கல்லைக் கையில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி வைத்தார். வெள்ளை இன்னும் பரவியது. அப்பா இன்னும் அதிக நேரம் கையை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்பா அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. உட்கார அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

ஓணத்துக்குச் சின்னத்துரையின் அக்கா குடும்பம் பங்களாவுக்கு வந்திருந்தது. கப்பல்காரரும் வந்திருந்தார். அன்றைக்கு லயத்துப் பிள்ளைகளுக்குப் பாயசம் தருகிறார்கள் என்று நானும் தூக்குவாளியோடு ஹால் தெரியும்படி சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தேன். மருந்தடிப்பு முடிந்து அப்பா வந்தார். கொல்லைக் குழாயில் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்த் தொட்டிக்குள் கையை விட்டார். கப்பல்காரர் அவர் கையையே பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து, நகக்கண்களைப் பல்பு வெளிச்சத்தில் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நகக்கண்கள் நீலமாக இருந்தன. சட்டைக் கையின் ஓரமும் நீலம். சின்னத்துரையின் முகம் சிவந்துவிட்டது.

"மருந்தடிச்ச இந்தக் கையையாடா இத்தன நாளும் உள்ளே விட்டே?"

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் விட்டேன் என்று அப்பா சொன்னார். கழுவினாலும் போகாது, நகத்துக்குள்ளும் சட்டையிலும் எல்லாவற்றிலும் இருக்கிறது, துரிசில் இருப்பது செம்பு, தண்ணீரில் ஒரு பொட்டுச் செம்பு கலந்தால் போதும், பவளம் செத்துப்போகும் என்று சின்னத்துரை இரைந்தார். மருந்து அடிக்கச் சொன்னவர் அவர்தான். மருந்தடிப்புக் கூட்டத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தியவரும் அவர்தான். அந்த ஹாலில் அதைச் சொல்லுவதற்கு ஆள் இல்லை. அப்பா ஈரக் கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆளுக்கு ஒண்ணும் செய்யாதா தொரை?"

"மனுஷனுக்கு ஒண்ணுமில்ல. நீ போ" என்றார் சின்னத்துரை. கப்பல்காரர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாயசம் கிடைத்தது. வாளி நிறைய ஊற்றினார்கள்.

பவளம் அந்த வாரமே முழுதும் வெளுத்துவிட்டது. அதைக் காயவைத்து ஹாலில் அலங்காரத்துக்கு வைத்தார்கள் என்று சமையல்காரர் சொன்னார். பங்களா வேலை லாரி டிரைவரின் மச்சானுக்குப் போயிற்று. அடுத்த மழைக்கு முன்னால் சின்னத்துரை வேறொரு பவளம் தருவித்தார். மருந்தடிக்கும் ஆட்கள் யாரும் பங்களாப் பக்கமே வரக்கூடாது என்று கங்காணி பெரட்டில் சத்தம் போட்டுச் சொன்னார். பவளத்தைத் தொடுகிற ஆளுக்கு ரப்பர் கையுறை வந்தது. மருந்துத் தொட்டியோடு நின்றவர்களுக்கு அது வரவில்லை, பிறகும் வரவில்லை. அம்மா நேர்ந்துகொண்ட மாவிளக்கைப் போடவில்லை. அம்மன்மேல் அவளுக்கு வந்த கோபம் கடைசிவரை தீரவில்லை. என் கோபம் அம்மன்மேல் இல்லை.

இதெல்லாம் இப்போது சொல்ல வருகிறது. அந்த வயதில் எனக்கு விளங்காமல் போனது வேறு. எங்கள் வீட்டில் ராத்திரிச் சோற்றை ஒரே வட்டிலில் போட்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்து, எனக்கும் தம்பிக்கும் உருட்டித் தருவது அப்பாதான். ஓணத்தன்று பங்களாவிலிருந்து திரும்பியதும் வட்டிலை அம்மா பக்கம் தள்ளிவிட்டார். கேட்டதற்குக் கை வலிக்கிறது என்றார். மறுநாளும் அதேதான். அதன்பிறகு எங்களோடு சேர்ந்து உட்காராமல் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். தம்பி மடியில் ஏறினால் இறக்கிவிட்டார். அம்மா உருட்டும் உருண்டை சிறியது, எங்களுக்கு அது போதவில்லை.

ஒருநாள் அப்பா சாப்பிட உட்காரும்போது, அவர் கையை நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்து என் வட்டிலுக்குள் வைத்தேன். வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

"தொடாத புள்ள" என்று கத்தினார்.

அப்பா என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் கை பட்ட சோற்றை வழித்து வெளியே கொட்டிவிட்டு வந்தார். பவளம் செத்த கோபத்தை அப்பா என்மேல் காட்டுகிறார், அவருக்கு என்னைவிட அந்தக் கல்தான் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்குச் சாப்பிடாமலே அழுதுகொண்டு படுத்துவிட்டேன்.