என் வீட்டுக் கேட்டும் அவள் மச்சானும்

றொசல்லத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து அறையை விட்டுப் புது வீட்டுக்கு வந்த பிறகு, நாங்கள் வாசல் பாத்தியில் போட்ட கோவாவையும் லீக்ஸையும் ஊர் மாடுகள்தான் அதிகம் சாப்பிட்டன. ஹட்டனில் சொல்லி ஓர் இரும்புக் கேட் செய்துகொண்டு வந்தேன். மாட்ட ஆள் கிடைக்காமல் அது சுவரில் சாய்ந்தபடி மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"மச்சான் கட்டார்ல இருந்து வந்திருக்காரு. மெஷினெல்லாம் கொண்டாந்திருக்காராம். ஒரு வார்த்த சொன்னா வந்து மாட்டிக் குடுப்பாரு" என்றாள் மனைவி. எனக்குச் சுருக்கென்றது.

மச்சான் என்றால் அவளுடைய அத்தை மகன். கட்டிக்கொள்கிற முறை. சின்ன வயதிலிருந்தே இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்தது. அவர் கட்டாருக்குப் போனார், பேச்சும் நின்றது. அவருக்கு இஷ்டமில்லை போல என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் பெண் கேட்டுப் போனேன். முறைக்கு அவர் எனக்கு அண்ணன். எங்கள் பக்கத்தில் முறைக்காரர் கேலி பேசினால் புருஷன் கோபிக்கக் கூடாது. கோபித்தால் அவன்தான் அற்பன். இந்தச் சட்டத்தைப் போட்டவன் எவனோ, அவன் பெண்டாட்டிக்கு அத்தை மகன் இருந்திருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். இடுப்பில் தோல் வார், அதில் வயரே இல்லாத ட்ரில் மெஷின், கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காலில் பூட்ஸ். என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு சோடிக்கவில்லை.

"எனக்கு வரவேண்டிய புள்ளய நீங்க கூட்டிட்டு வந்துட்டீங்க தம்பி. சரி, கேட்டையாவது நான் போட்டுக் குடுக்கிறேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் சொல்லித் தருகிறேன்.

கொங்கிரீட் தூணில் ட்ரில் இறங்கியது. நான் பகலெல்லாம் பாடுபட வேண்டிய வேலையை அது ஒரு நிமிடத்தில் முடித்தது. போல்ட்டை இறுக்கி, கேட்டைத் தூக்கி மாட்டி, உள்பக்கம் தள்ளினார். பாதியிலேயே நிலத்தில் முட்டி நின்றது. எங்கள் வாசல் உள்ளே போகப் போக மேடு. அளவு கொடுத்தபோது நான் அகலத்தைப் பார்த்தேன், மேட்டைப் பார்க்கவில்லை.

"துணிக்கடையில சீத்த அளக்கிற மாதிரி அளந்தீங்களா தம்பி?"

நான் துணிக்கடையில்தான் வேலை பார்க்கிறேன். அதற்கும் அவள் சிரித்தாள். அவர் கேட்டைக் கழற்றிக் கிரைண்டரால் அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டினார். பொறி பறந்தது. அவள் கதவோரம் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மும்முரமாகத் துணி மடிப்பதை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு தேத்தண்ணீர் வந்தது. எனக்கு வழக்கமான கோப்பையில். அவருக்கு, விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் வைத்திருக்கும் பூப்போட்ட கிளாசில், இஞ்சியும் தட்டிப் போட்டு.

கடைசியில் திரும்ப மாட்டியபோது கேட் ஒரு விரலால் தள்ளினாலே அசைந்தது. அவளைக் கூப்பிட்டார்.

"தெறந்து பாரு புள்ள. என் வீட்டுக் கேட்டத் தெறக்க வேண்டியவ. பரவால்ல, இதையாவது தெற."

அவள் சிரித்துக்கொண்டே திறந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. கேலிக்குக் கேலி பேச எனக்கும் உரிமை உண்டுதானே! பெரிதாகச் சிரித்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப ஏண்ணே விட்டுட்டுப் போனீங்க?"

ட்ரில்லைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். ஏதாவது ஒன்றைத் திருப்பி அடிப்பார் என்று காத்திருந்தேன்.

"வந்து கட்டிக்கலாம்னுதான் போனேன் தம்பி. வர்றதுக்குள்ள…"

பெட்டியை மூடி, கேட்டில் ஒட்டியிருந்த சிமெந்துத் தூளைக் கையால் துடைத்தார். "வாறேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவள் பக்கம் திரும்பவில்லை, ஒரு கேலிகூடப் பேசவில்லை. கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு இறங்கிப் போனார்.

அவள் வெறும் கிளாசைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏங்க அவருகிட்ட அப்பிடிக் கேட்டீங்க?"

"சும்மா. கேலிக்குத்தான்."

அவள் கீழ்ப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நாளா அவரும் கேலிக்குத்தான் பேசுறாருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள்.