எட்டுப் பேர் முன்னால்

செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவரைத் திருடன் என்று சொன்னேன். அவர் திருடவில்லை.

"பத்துப் பேரை வைத்து வேலை வாங்குவது எப்படி? உங்கள் அனுபவத்தை எழுதுங்களேன்" என்று போன மாதம் இந்தப் பத்திக்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ஐயா, அனுபவம் இதோ. வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் நான் மேஸ்திரி — உங்களுக்குத் தெரியும். என் கீழ் ஒன்பது பேர். சாயப் பொடியைக் கண் மதிப்பிலேயே காகிதத்தில் அளந்து கொடுப்பது நான். அதை வாங்கிக் கொதிக்கும் கொப்பரையில் கரைப்பது ஏழுமலை. முசரவாக்கம் காலனியிலிருந்து சைக்கிளில் வருகிறவர். என்னைவிட நான்கு வயது பெரியவர்.

அன்று கத்தரிப்பூ நிறம். நீலப் பொடியை அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஏழுமலை அதில் கொஞ்சத்தைப் பொட்டலமாகச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகினார்.

"என்னாடா அது? எடு வெளியே!"

எடுத்தார்.

"திருட்டுப் பய! எத்தினி நாளா நடக்குது இது?"

யாரோ டிரான்சிஸ்டரை நிறுத்தினார்கள். கொப்பரைகளைச் சுற்றி எட்டுப் பேர். ஏழுமலை வாயைத் திறந்தார்... மூடிக்கொண்டார். பொட்டலத்தை என் முன்னால் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேறு ஆளாக இருந்தால் "என்னப்பா இது?" என்று கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன். காலனி ஆள் என்பதால் கேட்கத் தோன்றவில்லை. எழுதவே கை கூசுகிறது.

மறுநாளும் அதே நிறம். நானே அளந்தேன். நானே கரைத்தேன். நூல் காய்ந்ததும் முதலாளி வந்து பார்த்தார்.

"கத்தரிப்பூ கேட்டா கத்தரிக்காயே குடுத்துக்கிறியேபா! கண்ணு தெரியுதா இல்லியா?"

"நல்லாத்தானே இருக்குது..." என்றேன். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

முதலாளி போனபிறகு, கூட வேலை செய்யும் கன்னியப்பனைப் பிடித்துக் கேட்டேன். முதலில் மென்று விழுங்கினான்.

"ஒரு வருஷமா உங்களுக்கு நீலம் சரியாத் தெரியல மேஸ்திரி. ஜாஸ்தி அளந்துடறீங்க. ஏழுமலை அண்ணன்தான் ஒரு கரண்டி எடுத்து வச்சிக்கினு மீதியக் கரைப்பாரு. நீங்க டீ குடிக்கப் போனதும் டப்பாவுல திருப்பிப் போட்டுடுவாரு."

"ஏம்பா, எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேட்டுக்குவீங்களா?"

"வேலையைப் பாரு" — பதினெட்டு வருஷ மேஸ்திரி உத்தியோகத்தில் நான் அதிகம் பேசிய பேச்சு இதுதான்.

ஏழுமலை ஏன் வாயை மூடிக்கொண்டார்? உண்மையைச் சொன்னால் முதலாளி காதுக்குப் போகும். என் வேலை போகும். திருடன் என்று சொன்னவனுடைய வேலையைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று மாலையே முசரவாக்கம் போனேன். வீட்டுக்குள் போய், அக்கம்பக்கம் கேட்காமல், மெதுவாகச் சொன்னேன்.

"தப்புதான் ஏழுமலை. மனசுல வச்சிக்காதே. வேலைக்கு வா."

அவர் சம்சாரம் மோர் கொடுத்தார். ஏழுமலை அவசரப்படவில்லை.

"இந்த வூட்ல யாரும் என்னைத் திருடன்னு சொல்லலியே மேஸ்திரி. இங்க வந்து எதுக்குச் சொல்றீங்க?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"காலையில வரேன். சொல்ற எடத்துல சொல்லுங்க."

வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே எட்டுப் பேர். திட்டும்போது தானாக வந்த குரல், இப்போது கூப்பிட்டாலும் வரவில்லை.

"ஏழுமலை திருடல. என் கண்ணுதான் சரியில்ல. கேக்காம வாய வுட்டுட்டேன். மன்னிச்சிக்கங்க அண்ணே."

கன்னியப்பன், "முதலாளி வர்ற நேரம்... மெதுவா மேஸ்திரி" என்றான். ஏழுமலை உள்ளே வந்தார்.

"நகருங்க. தண்ணி கொதிக்குது."

அவ்வளவுதான் சொன்னார்.

முதலாளியும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்தான். படிக்கட்டும். திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

இரண்டு நாளாக, பொடியை அளந்ததும் காகிதத்தை ஏழுமலையிடம் நீட்டி, "எப்படி இருக்குது?" என்று கேட்கிறேன். "இன்னும் கொஞ்சம் கொறைங்க" என்கிறார். கோபம் வரத்தான் செய்கிறது.

குறைத்துவிடுகிறேன்.