பினாங்கில் ஒரு பலகைப் பாலத்தின் முனையில்

1952, மாசி மாதம். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கப்பல் பினாங்குத் துறைக்கு வெளியே நங்கூரம் போட்டது. சென்னையில் ஏறி ஏழு நாள் மேல்தளத்தில் படுத்து வந்திருந்தேன். ஜவ்வாது மலையில் பிறந்து, நாற்பத்தைந்து வயது வரை ஏரியைவிடப் பெரிய தண்ணீரைப் பார்க்காதவன் நான். நான்காம் வகுப்புப் புத்தகத்தில் கடல் படம் இருந்தது. படத்தில் வாசனை இல்லை.

எங்கள் ஊரிலிருந்து ஆலங்காயத்துக்குப் பதினான்கு மைல் இறக்கம். அங்கே பஸ் ஏறினால் வாணியம்பாடி. வாணியம்பாடித் தோல் வியாபாரி கரீம் பாய்க்கு நாங்கள் மலையிலிருந்து கடுக்காய் சுமந்து போடுவோம். தோல் பதனிட அது வேண்டும். பினாங்கில் அவருக்கு ஒரு கடை இருந்தது; வருடத்தில் பாதி அங்கேதான் இருப்பார். அங்கே வேலை செய்த ஆள் நோயாகி ஊர் திரும்ப, ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் வருகிறேன் என்றேன். வாயே திறக்காதவன் கேட்டதும் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

காரணம் என் தம்பி சடையன். பல வருடங்களுக்கு முன் இதே கடைக்கு வேலைக்குப் போனவன் ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனான். சீனத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்பதும் செத்தான் என்பதும் ஒரே நாளில்தான் எங்களுக்குத் தெரிந்தன. அம்மா அழுது ஓய்ந்தபிறகு ஒன்றுதான் கேட்டாள். "கடைசியில அவன் வாய்ல தண்ணி ஊத்த ஆள் இருந்துச்சா?" பதில் சொல்ல யாரும் இல்லை. அதைக் கேட்டு வரத்தான் நான் கடல் தாண்டினேன்.

கடை சூலியா தெருவில். கடல் காற்றில் தோல் இரண்டே நாளில் பூசணம் பூக்கும். காலை ஏழு மணிக்குக் கட்டுகளைப் பிரித்து, துடைத்து, முற்றத்தில் நிழலில் உலர்த்தி, மாலையில் திரும்ப அடுக்குவது என் வேலை. கட்டைப் பிரித்தால் கடுக்காய் வாசனை வரும். எங்கள் காடு எனக்கு முன்பே இங்கே வந்திருந்தது.

தெருவில் தமிழ், சீனம், மலாய் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கும். தமிழ் பேசுகிறவர்களிடமே பேசக் கூச்சப்படுகிற நான் மற்றவர்களிடம் என்ன பேசுவேன்? சீனர் காப்பிக் கடையில் ஒரு கிண்ணம் பத்துக் காசு. பக்கத்தில் இருப்பவர் குடிப்பதை விரலால் காட்டுவேன். அதையே கொண்டு வருவார்கள். ஒரு நாள் பக்கத்துக்காரர் வயிற்று வலிக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். நானும் குடித்தேன்.

தம்பி மனைவி எங்கே இருக்கிறாள் என்று பாய் முதல் நாளே சொல்லிவிட்டார். கடையிலிருந்து கால் மணி நடை. கரையிலிருந்து கடலுக்குள் நீளமாக ஒரு பலகைப் பாலம் போகிறது. அதன் இருபுறமும் கால் நட்டுக் கட்டிய வீடுகள். பாலம் முழுவதும் ஒரே வம்சத்துச் சீனர்கள், எங்கள் மலை ஊர்களைப்போல. படகு ஓட்டுவதும் மீன் காயவைப்பதும் தொழில். அவள் அங்கே தன் அப்பன் வீட்டுக்கே திரும்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கடை மூடியிருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த சாமை அரிசி மூட்டையோடு போனேன். பாலம் தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றேன்.

எங்கள் ஊரில் அதுதான் முறை. ஊர் எல்லையில் ஒரு கல் நட்டிருக்கும். வெளியூர்க்காரன் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும். உள்ளிருந்து யாராவது "வாங்க" என்றால் போகலாம். விளக்கு வைக்கும்வரை யாரும் கூப்பிடாவிட்டால், வேண்டாம் என்று பொருள். கூப்பிடாத ஊருக்குள் திருடன்தான் நுழைவான்.

யாரும் கூப்பிடவில்லை. வலை பின்னிய பெண்கள் என்னைப் பார்த்ததும் உள்ளே போனார்கள். கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். விளக்கு வைத்தார்கள். திரும்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். ஒரு முறை வயதான சீனர் ஒருவர் மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு என் காலடியில் ஊற்றிவிட்டு ஏதோ கத்தினார். வேட்டி நாறியது. தம்பி செத்த பிறகு நமக்கும் அவர்களுக்கும் உறவு இல்லை என்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அம்மாவின் கேள்வி மடியில் கனத்தது.

வைகாசியில் ஒரு காலை பாய் கூப்பிட்டார்.

"இன்னா குப்பா, நீ போலீஸ்ல சேந்துட்டியா?"

கையிலிருந்த தோலைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பாலத்துக்காரன் செருப்புத் தோல் வாங்க வந்தான். உன் கடை ஆளு வாரா வாரம் வந்து எங்க வூடுங்கள வேவு பாக்குறான்னு சண்டை புடிக்கிறான். காட்டுல வெள்ளைக்காரனுக்கும் கம்யூனிஸ்டுக்கும் சண்டை நடக்குது. காட்டிக் குடுக்கிறவன்னு நெனச்சா கழுத்த அறுத்துடுவான்யா!"

முறையை மெதுவாகச் சொன்னேன். பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அரே அல்லா! இங்க நின்னா எவன் கூப்புடுவான்? நேரா உள்ள போய் கதவத் தட்டணும். நான் கூட வர்றேன், வா."

"வேணாங்க பாய். அவங்களா கூப்புடணும்."

"இவன் ஒருத்தன்! அப்ப அந்தப் பக்கமே போகாதே. கடைக்குக் கெட்ட பேரு." சற்று நேரம் கழித்து, "நீ யாருன்னு அவன் கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

ஆடியில் எனக்குத் திரும்பும் கப்பல். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பாயிடம் சொல்லாமல் ஒரு முறை போனேன். மாலை நான்கு மணி. கடல் ஏறிப் பலகைகளுக்கடியில் வந்து அடித்தது. செருப்பைக் கழற்றி வைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. சாமை மூட்டையைத் துண்டால் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு நின்றேன்.

பாலத்தின் நடுவில் ஒரு குடை வந்தது. குடைக்கடியில் தொளதொளத்த கறுப்புக் காற்சட்டை போட்ட சீனப் பெண்.

"இன்னாத்துக்கு மழையில நிக்கிறீங்க மாமா? வூட்டுக்கு வாங்க."

பாயைத் தவிர பினாங்கில் எந்தத் தமிழரும் அப்படிப் பேசிக் கேட்கவில்லை. அது என் தம்பியின் பேச்சு. அவள் வாயில் மிச்சமிருந்தது. மூட்டையை அணைத்தபடி அங்கேயே நின்றேன்.

"இன்னொரு தரம் கூப்புடணுமா?" என்று சிரித்தாள். "அவரும் இப்பிடித்தான் என்னப் பொண்ணு கேக்க வந்து நின்னாரு. எங்கப்பன் மீன் தண்ணி ஊத்தினாரு. உங்க ஊர் ஆம்பளைங்க எல்லாருமே இப்பிடித்தானா?"

"எனக்கும் ஊத்தினாரும்மா."

"அவருதான். இப்ப உள்ள வெட்கப்பட்டுக் குந்திக்கினு இருக்காரு."

மற்ற நாட்களில் இருட்டும்வரை இறால் உரிக்கும் கொட்டகையில் இருப்பவள், நின்றது யார் என்று பாய் சொல்லித்தான் அறிந்தாளாம். பிறகு நான் வரவே இல்லை என்று குறைப்பட்டாள். அவள் சீனப் பெயர் எனக்கு வாயில் வரவில்லை. தம்பி பொன்னி என்று அழைத்தானாம்.

வீட்டில் பலகை இடுக்கு வழியாகக் கடல் தெரிந்தது. வாளிக் கிழவர் எனக்கு ஒரு கோப்பைத் தேநீரை இரண்டு கையாலும் நீட்டினார். பொன்னி சாமையைக் கழுவாமல் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள். பிறகு கருவாடு போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். சாப்பிட்டு முடித்துத்தான் கேட்டேன்.

"கடைசியில அவன் வாய்ல தண்ணி…"

"நான்தான் ஊத்துனேன்" என்றாள். "மடியில படுக்க வச்சு. 'இன்னா தண்ணிடி இது, உப்பாக் கெடக்குது. எங்க மலையில இத மாடு கூடக் குடிக்காது'ன்னு திட்டினாரு. திட்டிட்டுக் குடிச்சாரு."

இரவு ஏழு மணிக்குப் பாலத்து முனைவரை வந்து வழியனுப்பினாள். செருப்பு மழையில் ஊறிக் கிடந்தது. நம் கடைத் தோல்தான்.

கப்பல் நகர்ந்தபோது அந்தப் பாலத்தைத் தேடினேன். கடலிலிருந்து பார்த்தால் எல்லாப் பாலங்களும் ஒன்றுபோல்தான் இருந்தன. எங்கள் முறை தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கல்லடியில் நிற்பவனுக்கு நேரம் எப்படிப் போகிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இப்போது மலைக்கு மலேரியா மருந்து அடிக்க ஆட்கள் வருகிறார்கள். கல்லருகில் வந்து தயங்குவார்கள். நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கூப்பிடுகிறேன். கூச்சம் போகவில்லை, கால் மட்டும் போய்விடுகிறது.

ஊர் சேர்ந்த அன்று பகல் அம்மா அடுப்படியில் இருந்தாள். நடந்ததை அப்படியே சொன்னேன். தண்ணீர் ஊற்றியதைக் கேட்டுத் தலையாட்டினாள், ஆனால் முகம் தெளியவில்லை. கடலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒருத்தி சொன்னதை எப்படி நம்புவது என்பதுபோல் பார்த்தாள். பிறகு, அவன் திட்டியதைச் சொன்னேன்.

"திட்டினானா?"

"மாடு கூடக் குடிக்காதுன்னானாம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அது என் புள்ளதான்" என்றாள்.