என் வாழைத்தோப்புத் திரைச்சீலையை யார் வரைந்தது?

திருப்பதியில் நாங்கள் காலி செய்யப்போகும் வாடகை வீட்டைப் பார்க்க, இன்று நகரியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கூடவே வீட்டுக்கார அம்மா.

ஹால் ஜன்னலின் அகலமான திரைச்சீலைகளை அந்தப் பெண் தொட்டுப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் வாழைத்தோப்பு. முதுகு ஒடியத் தரையில் உட்கார்ந்து நான் வரைந்தது.

"ரொம்ப நல்லாக் கீதே, யார் வரைஞ்சது?"

வீட்டுக்கார அம்மா கூசாமல் சொன்னார்: "மா அம்மாயி வேசிந்தம்மா. ஊட்டோடவே இருக்கும், நீங்களே வெச்சுக்கோங்க."

அவர் மகள் வரைந்ததாம்! நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, இரண்டு திரைகளையும் கழற்றினேன்.

ஜன்னலைச் சுற்றிச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். எத்தனை முறை சொல்லியும் அந்த அம்மா ஆள் அனுப்பவில்லை. அதை மறைக்கத்தான் நான் வரையவே ஆரம்பித்தேன்.

"இன்னாக்கா இது, செவுரு இப்படி ஊறிக்கினு கீது?" என்றாள் அந்தப் பெண்.

"அது நான் வரைஞ்சதில்லமா. அவங்களையே கேளு."

வந்தவர்கள் அப்படியே படியிறங்கிப் போய்விட்டார்கள். எனக்கு மரியாதை தெரியவில்லை என்று வீட்டுக்கார அம்மா என் கணவருக்குப் போன் செய்திருக்கிறார்.

நான் செய்தது தப்பா, சொல்லுங்கள். தப்பு என்பவர்கள் தாராளமாக இங்கே குடிவரலாம்.