கிளவுஸ் போட்ட கை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்துகொண்டு, அந்த வாயால்தான் வார்டையே சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று ஒரு தெனாவெட்டு வேறு. புதிய நர்ஸுகளுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். பிள்ளையைச் சேர்த்த அன்றே தாய்மாரிடம் சொல்லிவிடுவேன்: கை கழுவாமல் யார் தொட வந்தாலும் தடுத்துக் கேளுங்கள், நானாகவே இருந்தாலும் விடாதீர்கள்.

அன்று காலை வார்டு சந்தை மாதிரி இருந்தது. பேதியாகிக் கிடந்த ஒரு குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் சளிக்காகச் சேர்த்திருந்த எட்டு மாதப் பிள்ளை, ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அதன் கையிலிருந்த டிரிப்ஸ் ஊசியின் பிளாஸ்திரி கழன்று தொங்கியது. கிளவுஸை மாற்றாமல், கை கழுவாமல் ஓடிப்போய் அப்படியே அழுத்தி ஒட்டினேன். கிளவுஸ் போட்டிருக்கிறேனே என்ற தைரியம். கிளவுஸ் என் கையைத்தான் காத்தது, அந்தப் பிள்ளையை அல்ல. அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் ஊசி இருந்த இடம் வீங்கிச் சீழ் கோத்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதா என்று பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு நாளாகும் என்றார்கள்.

அந்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு வாங்கப் போய், பையைக் கடையிலேயே விட்டு வந்தேன். சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. எழுந்துபோய் வார்டுக்குப் போன் போட்டுக் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்பேன். லீவு நாளிலும் பஸ் ஏறிப் போய்க் கட்டிலருகே நின்றேன். மாதாவே, இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ரத்தத்தில் கிருமி இல்லை. அப்பாடா என்றிருந்தது. நேரே அந்தத் தாயிடம் போய், தப்பு என்னுடையது என்று நடந்ததைச் சொன்னேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நானும் பாத்துட்டுத்தானுங்க சிஸ்டர் இருந்தேன். உங்களப் போயி எப்படிங்க கேக்கறது?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பெற்ற பிள்ளையைவிட மரியாதை பெரிதா என்று சத்தம் போட்டேன். அவள் குரல் உயரவில்லை.

"ஏனுங்க சிஸ்டர், பெரிய டாக்டரு கை கழுவாம வந்தா நீங்க கேப்பீங்களா?"

அவர் அப்படி வந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருநாள்கூடக் கேட்டதில்லை.