ஆறாவது மிதவை

ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் முன்னும் பின்னுமாகச் செருகிக்கொண்டு, படகு இழுக்க இழுக்க, வளைந்து வளைந்து ஆறு மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நாற்பத்து நான்கு வயதில் செய்து பார்த்தால் தெரியும்.

பதினான்கு வருஷம் துபாயில் ஒரு நீர்ச்சறுக்கு கிளப்பில் படகு ஓட்டினேன். ஓய்ந்த நேரத்தில் நானும் சறுக்கப் பழகினேன். விசா முடிந்து ஊருக்கு வந்த பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். பயிற்சியாளர் வேலை இருக்கிறது, ஆறு மிதவையையும் விழாமல் சுற்றும் வீடியோவை மாதக் கடைசிக்குள் அனுப்பு, இல்லையென்றால் வேறு ஆள். எனக்கு வேறு தொழில் எதுவும் தெரியாது.

மணக்குடிக் காயலில் வலை மிதவைகளைக் கட்டிப் போட்டேன். மனைவியின் அண்ணன், என் மச்சான், தன் ஃபைபர் வள்ளத்தை ஓட்டினார். தினமும் நாலாவது மிதவையில் விழுந்தேன். பழியைப் பலகைமேல் போட்டேன். கால் செருகும் உறையை ஒரு துளை முன்னால் நகர்த்தினேன். பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தியது. பின்னால் நகர்த்தினேன், திரும்பவே மாட்டேன் என்றது. அடியில் இருக்கும் ஃபின் தகட்டை நூலிழை நூலிழையாகத் தள்ளிப் பார்த்தேன். எரிச்சல்தான் மிச்சம்.

மச்சான் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"மாப்ள, பலகைய ஏன் போட்டு பாடாப் படுத்துகீரு? நீரு கைய மடக்கி வலிக்கீரு. இது கரமடி இல்ல ஓய்."

சுருக்கென்றது. கரையில் நின்று கரமடி வலை இழுத்து வளர்ந்த கை. கயிறு கிடைத்தால் நெஞ்சுக்குத்தான் இழுக்கும். அப்படி இழுத்தால் கயிறு தொய்ந்து, மறுநொடி வெடுக்கென்று பறிக்கும். கையை நீட்டி, பிடியை இடுப்போடு வைத்து, முன்காலில் எடையைப் போட்டு உடம்பால் சாய வேண்டும். கிளப்பில் பயிற்சியாளர்கள் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டிருக்கிறேன்! மறுநாள் உறையைப் பழைய துளைக்கே மாற்றிவிட்டுக் கையை நீட்டினேன். ஐந்து மிதவை வந்தது.

கடைசி நாள் மனைவி போனைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். ஐந்தாவதைச் சுற்றும்போது, அவசரத்தில் கை தானாக மடங்கிவிட்டது. கயிறு பறித்தது. வலது தோளில் ஏதோ கிழிந்தது. பிடியை விட்டிருக்கலாம், ஆறாவது மிதவை கண்ணெதிரே இருந்ததால் விடவில்லை.

"வலிக்குது மச்சான், வலிக்குது!"

எங்கள் கடற்கரையில் வலி என்றால் இழு. இன்ஜின் சத்தத்தில் அவருக்கு அதுதான் கேட்டது. முழு வேகத்தில் இழுத்தார், ஆறாவதுக்கு முன்பே தண்ணீரில் விழுந்தேன்.

என்னை வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "வலிக்கச் சொல்லுகீருன்னுல்லா நெனச்சேன். நொந்தா நோவுதுன்னுல்லா சொல்லணும்?"

நோவுது. சின்ன வயதில் நானும் அப்படித்தான் சொன்னேன். துபாயில் பல ஊர்க்காரர்களோடு ஒரே அறையில் கிடந்ததில் அந்தச் சொல் எப்போது போயிற்று என்றே தெரியவில்லை.

ஆறு மாதம் கையைத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். வேலை போயிற்று. மச்சான் ஒருநாள் விட்டு ஒருநாள் மீனோடு வருகிறார். "என்னாலதான் மாப்ள ஒம்ம பொழப்பு போச்சு" என்று கண் கலங்குகிறார். மனைவி அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தண்ணீரில் விழுந்து மூச்சு வாங்கிய நேரத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா, இனித் துபாய்க்குப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அதைச் சொன்னால் மச்சானின் பாரம் இறங்கிவிடும். மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் காதிலும் விழும். நான் தலையைக் குனிந்து, இடது கையால் மீனை வாங்கிக்கொள்கிறேன்.